பக்கத்துக் கம்பனி எவ்வளவு கொடுக்கிறது? தோட்டச் சம்பளம் பற்றிக் கேட்கப்படாத கேள்வி

2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,750 ரூபா ஆகும் என்று ஜனாதிபதி அறிவித்தார். 1,350 ரூபாவாக இருந்த சம்பளத்தைக் கம்பனிகள் 1,550 ஆக்க வேண்டும், மிகுதி 200 ரூபாவை வேலைக்கு வந்த நாளுக்கான ஊக்கத்தொகையாக அரசு கொடுக்கும் என்பதே கணக்கு. அன்றிலிருந்து ஹாலிஎலப் பக்கம் லயங்களிலும் பஸ்ஸிலும் நான் கேட்ட பேச்செல்லாம் அந்த ஒரு எண்ணைப் பற்றியதுதான். எத்தனை கிலோவுக்கு 1,750? மாதத்தில் எத்தனை நாள் வேலை? பக்கத்துக் கம்பனியின் தோட்டத்தில் நிலைமை எப்படி? இவற்றைக் கேட்பவர் குறைவு.

கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவிடம் நானே கேட்டேன். "அது வேற கம்பனி தம்பி. அங்க எத்தன கிலோ கேக்கிறாங்கன்னு நமக்கு யாரு சொல்லப்போறா?" என்றார். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவில் ஒரு ஓடைதான் இருக்கிறது.

சம்பளப் பேச்சில் பக்கத்து நிறுவனத்தைக் காட்டியே வெல்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். நமக்குச் சற்றும் பொருந்தாத ஒரு தொழிலிலிருந்து உதாரணம் எடுக்கிறேன். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்தின் விமானிகள் நான்கு ஆண்டுகளில் 34 வீதச் சம்பள உயர்வு தரும் ஒப்பந்தத்தை வாக்களித்து ஏற்றார்கள். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. போட்டி நிறுவனங்களான யுனைட்டட் அல்லது அமெரிக்கன் தங்கள் விமானிகளுக்குக் கூடுதலாகக் கொடுத்தால், டெல்டா அதைவிட ஒரு வீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

அதன்பின் அமெரிக்கன் நிறுவனம் மே மாதத்தில் தன் விமானிகள் சங்கத்துடன் தற்காலிக உடன்பாடு கண்டது. யூலையில் யுனைட்டட் அதைவிட நல்ல உடன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்கன் விமானிகள் அப்போது இன்னும் வாக்களிக்கவில்லை. பழைய தொகையை அவர்கள் நிராகரித்துவிடுவார்கள் என்பது தெரிந்ததும், நிறுவனம் மேலும் 100 கோடி டொலருக்கு மேல் கூட்டியது. ஓகஸ்டில் ஒப்பந்தம் நிறைவேறியது.

விமானிகள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயத்தால்தான் கூட்டினார்கள் என்று நினைக்கத் தோன்றும். அங்கே அது அவ்வளவு சுலபமில்லை. நிறுவனம் மாறும் விமானி தன் சேவை மூப்பை இழந்து வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். பல ஆண்டு சேவை செய்த கப்டன் அதற்குத் துணியமாட்டார். அவர்கள் கையில் இருந்தவை இரண்டு: பக்கத்து நிறுவனத்தின் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க முடிந்தது, தங்கள் சங்கம் பேசி முடித்ததை வாக்களித்து நிராகரிக்க முடிந்தது.

நம்முடைய கதை வேறு. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியாரிடம் போன பிறகு, இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகள் கொழும்புத் தேயிலை ஏலத்தில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. சம்பளம் என்று வந்தால் எல்லாம் முதலாளிமார் சம்மேளனத்தின் பின்னால் ஒரே பக்கத்தில் அமர்ந்தன. எதிரில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், தொழிற்சங்கக் கூட்டமைப்பு என மூன்று தரப்பு. கூட்டு ஒப்பந்தம் எல்லாக் கம்பனிக்கும் ஒன்றுதான். 2016 ஒக்டோபரில் அடிப்படைச் சம்பளம் 500, எல்லாம் சேர்த்து 730. அடிப்படைச் சம்பளமே 1,000 வேண்டும் என்று 2018இல் காலி முகத்திடலில் இளைஞர்கள் கூடினார்கள், வேலைநிறுத்தமும் நடந்தது. 2019 ஜனவரியில் கிடைத்தது அடிப்படை 700, விலைப் பங்கு 50. வரவுக்கும் உற்பத்திக்கும் முன்பு கொடுத்த கொடுப்பனவுகள் போய்விட்டன. 730க்கும் 750க்கும் உள்ள இடைவெளி இருபது ரூபா. இதை ஏற்பதா என்று எந்தத் தோட்டத்திலும் தொழிலாளரிடம் வாக்குக் கேட்கவில்லை. சந்தா மட்டும் மாதாமாதம் பிடிபட்டது.

ஒரே ஒப்பந்தம் என்பதில் நன்மை இருந்தது, மறுக்கவில்லை. நட்டக் கணக்குக் காட்டும் கம்பனியும் அதே சம்பளத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் தனி மதிப்புக் கிடைக்கும் காலத்திலும் இங்கே விலைப் பங்கு அதே 50 ரூபாதான். நல்ல லாபம் பார்க்கும் கம்பனியைக் காட்டி மற்றதை இழுக்க வழியில்லை. கீழே விழாமல் இருக்கப் போட்ட தளமே மேலே போக முடியாத கூரையும் ஆனது.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாவை வர்த்தமானியில் அறிவித்ததும் கம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. அதோடு வேலை நிபந்தனைகள், முறைப்பாட்டு வழிகள் பற்றிய ஏற்பாடுகளும் போயின. 2024 ஏப்ரல் முடிவில் 1,700 ரூபா வர்த்தமானி வந்தது. மீண்டும் கம்பனிகள் சேர்ந்து போயின; யூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; செப்டெம்பரில் 1,350 ஆக முடிந்தது. முதலாளிகள் ஒருவரையொருவர் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தொழிலாளர் பக்கம்தான் வேலி.

வர்த்தமானி ரூபாவைச் சொல்கிறது. நாளுக்கு இத்தனை கிலோ என்பதை நடைமுறையில் தோட்ட நிர்வாகம் தீர்மானிக்கிறது. அளவு குறைந்தால் அரைப்பெயர், அல்லது கிலோக் கணக்கில் கைக்காசு. இரண்டு கிலோ கூட்டிக் கேட்டால் சம்பள உயர்வில் ஒரு பகுதி பேச்சில்லாமல் திரும்பிப் போய்விடும். கம்பனிகள் இப்போது முன்வைக்கும் வருமானப் பங்கீட்டு முறையும், செடிகளைப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கும் முறையும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடுகின்றன. அந்தக் கடதாசிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்த சங்கம் எது?

ஒப்பிடுவது நம் ஊரில் நடக்காத காரியமல்ல. சிற்றுடைமையாளருக்கு விற்பனை வருமானத்தில் 68 வீதம், தொழிற்சாலைக்கு 32 வீதம் என்ற சூத்திரம் இருக்கிறது. பச்சைக் கொழுந்து விலை மாதந்தோறும் தெரியவருகிறது. ஒரு லொறிக்காரர் குறைத்துக் கொடுத்தால் அடுத்த லொறிக்குக் கொழுந்து போகும். சொந்தச் செடி உள்ளவருக்கு இருக்கும் இந்த வசதி, லயத்து வீடும் கம்பனியின் கையில் இருப்பவருக்கு இல்லை. வீடு தனியாக நடத்த வேண்டிய போராட்டம். விவரம் தெரிவதற்கு வீடு கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று அங்கே ஆடைத் தொழிற்சாலைகளில் நிற்கிறார்கள். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. அதற்கு மேல் வரும் ஊக்கத்தொகையைப் பக்கத்துத் தொழிற்சாலை எப்படிக் கணக்கிடுகிறது என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

தொழில் திணைக்களம் ஒவ்வொரு தோட்டத்தின் கிலோ அளவையும், கொடுத்த வேலை நாட்களையும், புதிய முறைகளின் ஒப்பந்தப் படிவங்களையும் பெற்றுத் தமிழில் வெளியிடலாம். சங்கங்கள் அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு தோட்டத்திலும் அவர்களுக்குத் தலைவர் இருக்கிறார். ஹாலிஎல, தெமோதரை, பசறைப் பக்கத்துத் தலைவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினால் முதல் பட்டியல் தயாராகிவிடும். அடுத்த உடன்பாட்டில், பக்கத்துக் கம்பனி கிலோவைக் குறைத்தால் இங்கும் குறைய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்கலாம். கையெழுத்துக்கு முன் செக்ரோலில் பெயருள்ளவர்களிடம் வாக்கெடுக்கலாம். இதற்குக் கம்பனிகளைவிடச் சில சங்கத் தலைமைகளே முதலில் தயங்கும் என்பது என் கணிப்பு.