கற்றுக்கொள்வதற்கும் ஒரு நகரத்துக்கு அதிகாரம் வேண்டும்

2011 யூலை 2ஆம் திகதி, டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்கேகனில் இரண்டு மணித்தியாலங்களுக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் மழை கொட்டியது. வீடுகளின் நிலக்கீழ் அறைகளுக்குள் கழிவுநீர் புகுந்தது. சேதம் சுமார் 600 கோடி டெனிஷ் குரோனர். அடுத்த ஆண்டே அந்நகரம் பெருமழையை எதிர்கொள்வதற்கான திட்டமொன்றை வகுத்தது. நிலத்தடிக் குழாய்களை மட்டும் பெருப்பித்துக்கொண்டு போவதைவிட, பூங்காக்களையும் வீதிகளையும் மழைநாளில் நீரை ஏந்தும் இடங்களாக மாற்றுவதே செலவு குறைந்தது என்று கணக்கிட்டு, சுமார் 300 வேலைத்திட்டங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் ஒன்றான என்கேவ் பூங்கா இன்று 22,600 கன மீற்றர் நீரைத் தேக்கக்கூடியது.

2015இல் நியூயோர்க் நகரம் இந்த அனுபவத்தைப் பெறுவதற்காகக் கொப்பன்கேகனுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. குயீன்ஸ் பகுதியிலுள்ள ஒரு பொதுக் குடியிருப்பில், மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்கத்தக்கதாக ஒரு கூடைப்பந்துத் திடல் வடிவமைக்கப்பட்டது. அரசுகளுக்கிடையில் மட்டும் நடந்த இராஜதந்திரம் இப்போது நகரங்களுக்கிடையிலும் நடக்கிறது. 2005இல் லண்டன் மேயரின் முன்முயற்சியில் உருவான சி40 என்ற கூட்டமைப்பில் இன்று ஏறத்தாழ 100 பெருநகரங்கள் உள்ளன.

ஆனால், அறிவைப் பெற்றுக்கொள்வது வேறு, அதை நிறைவேற்றுவது வேறு. 2021 செப்ரெம்பர் 1ஆம் திகதி ஐடா புயலின் எச்சம் நியூயோர்க்கைத் தாக்கியபோது, ஒரே மணித்தியாலத்தில் 80 மில்லிமீற்றர் மழை பெய்தது. நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் நிலக்கீழ் அறைகளில் சிக்கியவர்கள். அவ்வறைகளில் பல, அனுமதியின்றி வாடகைக்கு விடப்பட்டவை. கொப்பன்கேகனில் கற்ற பாடம் அவர்களுடைய கதவை வந்தடைவதற்கு முன்னரே வெள்ளம் வந்துவிட்டது.

இந்த அனுபவங்களில் யாழ்ப்பாணம் எதை எடுத்துக்கொள்ளலாம்? கட்டமைப்பை அப்படியே பிரதிசெய்வதில் பயனில்லை. கொப்பன்கேகன் மிகையான மழைநீரைத் துறைமுகத்தை நோக்கி வெளியேற்றப் பார்க்கிறது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீரே கிணறுகளில் குடிநீராகிறது. எல்லா நீரையும் கொங்கிரீட் வாய்க்கால் வழியே கடலுக்கு அனுப்பினால், மாரியில் வெள்ளம் குறையலாம். கோடையில் கிணறுகள் உவர்க்கும். அதேவேளை, நகரின் பெரும்பகுதிக்குப் பொதுக் கழிவுநீர்த் தொகுதி இல்லை. எனவே மலக்குழிகளைக் கவனிக்காமல் வெள்ளநீரை நிலத்துக்குள் இறக்குவதும் ஆபத்தானது. நமது முன்னோர் குளங்களையும் வாய்க்கால்களையும் ஒன்றோடொன்று தொடுத்து வைத்ததன் பொருள் இங்கேதான் விளங்கும். கொப்பன்கேகனிடமிருந்து எடுக்கவேண்டியது அதன் முறையை: நீர் எங்கே போகிறது என்பதை வரைபடமாக்குதல், செலவை ஒப்பிடுதல், பணத்தை யார் தருவதென்று வெளிப்படையாகத் தீர்மானித்தல். நியூயோர்க்கிடமிருந்து எடுக்கவேண்டியது ஓர் எச்சரிக்கை. பொம்மைவெளி, நாவாந்துறை போன்ற தாழ்ந்த பகுதிகளிலிருந்து தொடங்காத எந்தத் திட்டமும் பிந்தியே வந்து சேரும்.

தொழினுட்பத்தைப் பொறுத்தவரையிலும் நமக்கென்று ஓர் அனுபவம் உண்டு. 2019இல் யாழ். மாநகரில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நிறுவப்பட்டபோது, அவை 5ஜி கோபுரங்கள் என்ற அச்சத்தில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த அச்சத்துக்குத் தொழினுட்ப அடிப்படை இருந்ததோ இல்லையோ, அதன் அரசியல் அடிப்படை மிகவும் உண்மையானது. பல தசாப்தங்களாகக் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த ஒரு சமூகம், தன் தெருவில் நடப்படும் கம்பத்தைப் பார்த்து இது யாருடையது, இது சேகரிக்கும் தரவு யாரிடம் போகும் என்று கேட்கவே செய்யும். அக்கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லாத எந்த ஸ்மார்ட் திட்டமும் இங்கே வேரூன்றாது.

பதில் சொல்லவேண்டியது யார் என்பதில்தான் பிரச்சினையின் மையம் இருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் பெருவெள்ளம் வந்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. அப்போது மாநகர சபையில் தெரிவு செய்யப்பட்ட ஒருவர்கூட இருக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் அதற்குத் தேர்தலே வைக்கப்படவில்லை. நியூயோர்க்கோடு உடன்படிக்கை செய்தது கொப்பன்கேகன் நகரம். தன் திட்டத்துக்குரிய பணத்தில் ஒரு பகுதியைத் தன் மக்களின் நீர்க் கட்டணத்திலிருந்து திரட்டியதும் அந்நகரம்தான். அவ்வாறான நிதியும் அதிகாரமும் இல்லாத ஒரு சபை, எத்தனை மாநாடுகளுக்குப் போனாலும் பார்வையாளராகவே திரும்பிவரும்.

இப்போது யாழ். மாநகரில் ஒரு சபை இருக்கிறது. கையில் இருக்கும் அதிகாரத்தைக் கொண்டு அது செய்யக்கூடிய காரியங்களும் உண்டு. நகரின் குளங்களையும் அடைபட்ட வாய்க்கால்களையும் வட்டாரம் வட்டாரமாக வரைபடமாக்கலாம். அதைப் பல்கலைக்கழகத்தின் துணையோடும் மக்களின் பங்களிப்போடும் செய்து, பகிரங்கமாக வைக்கலாம். புலம்பெயர்ந்த தமிழர்களில் கனடாவிலும் ஐரோப்பாவிலும் மாநகர சபைகளிலும் பொறியியல் துறையிலும் பணியாற்றுபவர்களிடம் பணத்தைவிட முதலில் அனுபவத்தைக் கேட்கலாம். அடுத்த மாரிக்கு முன் இவற்றைத் தொடங்குவதற்குக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாகாண சபைத் தேர்தலையும் நிதி அதிகாரத்தையும் கேட்டுப் போராடும்போது, கையில் அந்த வரைபடமும் இருந்தால் கோரிக்கைக்குக் கனம் கூடும்.