டோக்கியோ செல்லும்முன் வரைபடத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் ஜப்பான் பயணப் பேச்சு எழுகிறது. ஒரு காலத்தில் சித்தியவான் குடும்பங்களுக்கு லுமுட்டில் படகேறிப் பங்கோர் தீவுக்குச் செல்வதே பெரிய சுற்றுலா. மின்னியல் கடப்பிதழ் வைத்துள்ள மலேசியர்கள் 2013 ஜூலை முதல் விசா இன்றி ஜப்பான் சென்று 90 நாள் வரை தங்கலாம் என்றானபின், டோக்கியோவும் நமக்கு எட்டும் ஊராகிவிட்டது. மகிழ்ச்சியே. ஆயினும் எனக்கொரு மனக்குறை உண்டு. நம்மில் பலர் பிள்ளைகளையும் பெட்டிகளைப் போலவே தூக்கிச் சென்று, படமெடுத்துத் திரும்புகிறோம்.

இதை நான் பட்டே கற்றேன். முதன்முறை சென்றபோது, ஷிஞ்சுக்கு தொடர்வண்டி நிலையத்துக் கூட்டத்தில் என் பத்து வயது மகள் கையைவிட்டுப் பிரிந்துவிட்டாள். உலகின் மிகப் பரபரப்பான நிலையம் எனக் கின்னஸ் நூலில் இடம்பெற்ற அந்நிலையத்திற்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ளன. பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று நாங்கள் பேசிவைக்கவில்லை. தங்கும் விடுதியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. இருபது நிமிடம் கழித்து, நிலைய ஊழியர் ஒருவரின் அருகே அவள் அழுதுகொண்டு நிற்கக் கண்டேன். தவறு முழுவதும் என்னுடையதே. வகுப்பில் திசைகளையும் வரைபடத்தையும் கற்பிக்கும் நான், சொந்த மகளின் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுக்கவில்லை.

முதன்முறை செல்வோர்க்குப் பயன்படும் என்று கருதிச் சிலவற்றைத் தருகிறேன்.

1. விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஜப்பானிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வையுங்கள். பிரிந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை அணிந்த ஊழியரை மட்டுமே அணுக வேண்டும் என்று சொல்லிவையுங்கள். தெருமுனைகளில் 'கோபான்' எனும் சிறு காவல் சாவடிகள் உண்டு. காவல்துறைக்கு 110, மருத்துவ வண்டிக்கும் தீயணைப்புக்கும் 119.

2. சுய்கா, பாஸ்மோ போன்ற பயண அட்டைகள் தொடர்வண்டி, பேருந்து இரண்டிற்கும் உதவும். 6 முதல் 11 வயதுவரை அரைக் கட்டணமே. சிறுவர் அட்டை வாங்கக் கடப்பிதழைக் காட்ட வேண்டும். நள்ளிரவை ஒட்டித் தொடர்வண்டிகள் நின்றுவிடும். வாடகைக் கார் கட்டணமோ மிக அதிகம்.

3. கடப்பிதழை விடுதியில் விட்டுச் செல்லாதீர்கள். அயல்நாட்டுப் பயணிகள் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

4. காய்கறி உணவு என்று நம்பி உண்பதிலும் கவனம் தேவை. சாறுகள் பலவற்றில் 'தாஷி' எனும் மீன் சாறு கலந்திருக்கும். ஜப்பானியக் கறிக் குழம்பில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்வதுண்டு. 'கியூனிக்கு' என்றால் மாட்டிறைச்சி, 'புத்தா' என்றால் பன்றி. இறைச்சி கலந்த உணவுப் பொருள்களை இங்கிருந்து கொண்டுசெல்லத் தடையுண்டு.

5. அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். செருகிக்கு இரண்டு தட்டைக் கால்கள். நம் மூன்று கால் செருகி பொருந்தாது.

6. திசம்பரில் மாலை நாலரை மணிக்கே கதிரவன் மறைந்துவிடும். புத்தாண்டை ஒட்டிய நாள்களில் அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும்.

7. பொது இடங்களில் குப்பைத்தொட்டி அரிது. ஒரு நெகிழிப்பையைக் கையில் வைத்திருங்கள். தொடர்வண்டியில் கைப்பேசியில் பேசுவது அநாகரிகம். அங்கு நில நடுக்கம் புதிதன்று. அதிர்ந்தால் வெளியே ஓடாமல் மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொள்ளப் பழக்குங்கள்.

இவற்றை நீங்கள் மட்டும் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஒரு நாளின் பயணத்தையேனும் பிள்ளைகளே திட்டமிடட்டும். எந்தத் தடம், எத்தனை நிலையம், எத்தனை யென், அது எத்தனை ரிங்கிட் என்று அவர்களே கணக்கிடட்டும். வழி தவறினாலும் தாழ்வில்லை. உடன் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த ஒரு நாள் பத்துப் பயிற்சித் தாள்களுக்குச் சமம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நம் தோட்டத்து மக்களைச் சயாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றவர்கள் நாட்டுக்கா போகிறாய்?" என்று என் பாட்டி கேட்டார். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா இரும்புப் பாதையை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். மிகப் பலர் திரும்பவே இல்லை. அதே காலத்தில் நம்மவர் பலர் ஜப்பானின் துணையோடு இயங்கிய நேத்தாஜியின் படையில் சேர்ந்தனர். அவருடைய அஸ்தி என்று கருதப்படுவது டோக்கியோவின் ரென்கோஜி கோயிலில் உள்ளது.

பாட்டிக்கு என்னிடம் விடையில்லை. ஆனால் இந்த வரலாற்றைச் சொல்லாமல் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது சரியன்று என உணர்ந்தேன். விமானம் ஏறும்முன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டிருந்த அவளுக்கு அன்று துணை நின்றவர் ஒரு ஜப்பானியரே. பழையதை மறக்காமலும் இன்றுள்ளவர்களை வெறுக்காமலும் இருக்க முடியும் என்பதை என் வாயால் கேட்பதைவிட அந்த இருபது நிமிடத்தில் அவள் நன்றாகக் கற்றிருப்பாள்.

சென்று வாருங்கள். வரைபடத்தையும் வரலாற்றையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.