கொரங்காட்டுக்குச் சைக்கிளில் விருந்தாளிகள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை. இன்று அங்கே பழைய பீரோவும் செல்போனும் பூச்செடியும்தான் விற்கின்றன. சுற்றியிருந்த மேய்ச்சல் நிலம் மனைகளாகிவிட்டது. அந்தப் பல்லாவரம், தாம்பரம் பக்கத்திலிருந்து விடுமுறை நாட்களில் கணவனும் மனைவியுமாகச் சைக்கிளில் கிளம்புகிறவர்களைப் பார்க்கிறோம். மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவார்கள். இவர்களைக் காங்கயம் பக்கம் வரவழைத்தால் கொரங்காடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருமானம் உண்டு என்பது என் கருத்து. நானும் என் மனைவியும் அந்தச் சாலைகளில் மிதித்தவர்கள்.

சென்னையிலிருந்து ஈரோடு வரை சைக்கிளை ரயிலில் லக்கேஜாகப் போடலாம். அங்கிருந்து அறச்சலூர் வழியாகக் காங்கயம் ஒரு காலைப்பொழுது தூரம். அதற்கப்பால் வெள்ளகோவில், மூலனூர் என்று எந்தச் சாலையில் திரும்பினாலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், மேயும் காங்கயம் மாடு, மேச்சேரி ஆடு. இது புறம்போக்கு அல்ல, பட்டா நிலம். உரிமையாளர் விற்க நினைத்தால் யாரும் தடுக்க முடியாது. காங்கயம் பசு அதிகம் பால் தராது. உழவும் டிராக்டருக்குப் போய்விட்டது. நிலத்துக்கு நல்ல விலை வரும்போது, மேய்ச்சலுக்காக மட்டும் அதை எத்தனை நாள் வைத்திருப்பார்?

மகாராஷ்டிரா 2020-லேயே வேளாண் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை அறிவித்துவிட்டது. அதற்காக நம்மவர்கள் ரிசார்ட் கட்டக் கிளம்ப வேண்டாம். கடன்தான் மிஞ்சும். சைக்கிளில் வருகிறவர்களுக்கு நீச்சல் குளம் தேவையில்லை. தோட்டத்துச் சாளையில் ஒரு அறை, கம்பஞ்சோறு, மோர் போதும். ஆனால் பெண்கள் வருவதால் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை கட்டாயம். நாங்கள் இரவு தங்க இடம் பார்த்தபோதெல்லாம் என் மனைவி முதலில் கேட்டது அதைத்தான். அது இல்லாத இடத்தில் நாங்கள் தங்கவில்லை. சமைப்பதும் அறையைப் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். ஆகவே காசும் அவர்கள் கையில் போகட்டும்.

வருகிறவர்களுக்குக் கண்டிப்பும் வேண்டும். திறந்த படலை மூடிவிட்டுப் போகவேண்டும். மூடாமல் போனால் அடுத்த காட்டு ஆடு உள்ளே வந்துவிடும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் மாடு மிரளும். தூரத்திலேயே மணியடிக்கச் சொல்லுங்கள். கன்று ஈன்ற பசுவின் அருகில் படமெடுக்க விடாதீர்கள். பட்டி நாய் துரத்தினால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதே நல்லது.

இதைவிட முக்கியம் கோமாரி. ஒரே நாளில் நாலு பண்ணை பார்க்கும் டயரும் செருப்பும் நோயைச் சுமந்து வரும். 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவை சோடா கரைத்து, அதில் நனைத்த சாக்கைப் படலருகே போட்டுவையுங்கள். சைக்கிளை அதன் மேல் உருட்டி, செருப்பையும் நனைத்த பிறகே உள்ளே விடவேண்டும். பக்கத்து ஊரில் கோமாரி என்று கேள்விப்பட்டால் எவ்வளவு காசு கொடுத்தாலும் யாரையும் சேர்க்காதீர்கள். கால்நடை மருத்துவர்களும் விரிவாக்கப் பணியாளர்களும் இதை இப்போதே சொல்லிவைக்கலாம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை எதிர்த்து மிதிப்பது பெரும்பாடு. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை பார்க்க வேண்டியதுதான், ஆனால் வெயிலுக்குப் பேருந்தே மேல். ஐப்பசி மழைக்குப் பிறகு புல் தழைத்திருக்கும் மார்கழி, தை மாதங்களே சைக்கிளுக்குச் சரி.

இன்னொன்று. கொங்கு வீடுகளில் சோறு போட்டுவிட்டுக் காசு கேட்கக் கூச்சப்படுகிறார்கள். ஒருநாள் விருந்தாளிக்கு அது சரி. வாரம் நாலு பேர் வந்தால் தாங்காது. இரவுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிடுங்கள்.