புள்ளியை விழுங்கும் திரை

சென்ற ஆண்டு முதுகலை மாணவி ஒருவரின் ஆய்வேட்டை எங்கள் துறைக் கணினியின் திரையிலேயே படித்துத் திருத்த நேர்ந்தது. பக்கத்துக்கு நான்கைந்து இடங்களில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றி நிற்பதாகக் குறித்து, தமிழ் முதுகலையில் இப்படியா என்று சற்றுக் கடுமையாகவே எழுதி வைத்தேன். மறுநாள் அவர் அச்செடுத்த தாள்களோடு வந்தார். புள்ளிகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நானாகிப் போனேன்.

பிறகுதான் அந்தத் திரையை ஆராயத் தோன்றியது. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று யாரோ (நானாகவும் இருக்கலாம்) திரையின் இயல்பான துல்லியத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அப்படிக் குறைக்கும்போது எழுத்து பெரிதாவது உண்மை. கூடவே விளிம்புகள் கலங்கிப் போவதும் உண்மை. எழுத்துகளை மெருகூட்டும் வசதியும் தாறுமாறாக இருந்தது.

இந்த மெருகூட்டலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். திரையின் ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கீற்றுகளால் ஆனது. அக்கீற்றுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் பக்கவாட்டு விளிம்புகளைச் சீராக்கும் கிளியர்டைப் முறையை மைக்ரோசாஃப்ட் 1998இல் அறிவித்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அது இருந்தும், நாமே தேடிப்பிடித்து இயக்க வேண்டியிருந்தது. 2007இல் வெளியான விஸ்டாவில்தான் தானாகவே இயங்கலாயிற்று. கீற்றுகள் கிடைவரிசையில் நிற்பதால், முதலில் வந்த முறையில் பயன் கிடைத்தது கிடைத்திசையில் மட்டுமே. செங்குத்துக் கோடுகளை நம்பி நிற்கும் ரோமன் எழுத்துக்கு அது பெரும்பாலும் போதும். நம் எழுத்தோ வளைவுகளை நம்பி நிற்பது. ணகரத்தின் சுழி மூன்று, னகரத்தின் சுழி இரண்டு. அவை அடைத்துக்கொண்டால் பணியும் பனியும் ஒன்றாகிவிடும். 'விடு' என்பதையும் 'வீடு' என்பதையும் பிரிப்பது கொக்கியின் நுனியில் உள்ள சிறு சுழிப்புதான். மேலும் கீழும் சேர்த்தே மெருகூட்டும் முறை பின்னர் வந்தது. ஆனால் பழைய மென்பொருள்கள் பல அதற்கு மாறவில்லை.

மெருகு மிகுந்தாலும் தொல்லைதான். சிறிய அளவில் ஒரு பிக்ஸலுக்குள் அடங்கிவிடும் புள்ளி, மெருகூட்டலில் சாம்பல் நிறமாக வெளுத்துப் போகிறது. பல்லும் பலவும் அப்போது ஒன்றே.

புள்ளி பெறுவதே மெய்யின் இயல்பு என்கிறது தொல்காப்பியம். ஆயினும் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஏடு ஏடாக ஒப்பிட்டு, எது மெய், எது உயிர்மெய் என்று முடிவுசெய்து அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் இட்ட புள்ளியைத்தான் திரை விழுங்குகிறது.

"கண் பழகிவிடும்" என்பார் என் துறை நண்பர். பழகும், மறுக்கவில்லை. தெரிந்த சொல்லைக் கண் ஊகித்துக்கொள்ளும். அகநானூற்றில் முதன்முறையாக எதிர்ப்படும் சொல்லை எதைக்கொண்டு ஊகிப்பது? பழைய இலக்கியம் படிக்க வரும் மாணவருக்கே இதனால் இழப்பு அதிகம். கைப்பேசித் திரைகள் இன்று மிக நுண்ணியவை, அங்கே இந்தச் சிக்கல் குறைவு என்பது சரியே. ஆனால் ஆய்வேடுகள் கைப்பேசியிலா திருத்தப்படுகின்றன?

செய்ய வேண்டியது பெரிதில்லை. முதலில் திரையை அதன் இயல்பான துல்லியத்துக்குக் கொண்டுவர வேண்டும். எழுத்து சிறிதாகிவிட்டால் எழுத்தின் அளவைத்தான் கூட்ட வேண்டும், துல்லியத்தைத் தொடக்கூடாது. ஆங்கிலத்துக்கு 12 பாயிண்ட் என்றால் தமிழுக்கு 14 வைத்துக்கொள்ளலாம். பிறகு விண்டோஸின் தேடல் கட்டத்தில் கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் தட்டினால், மாதிரி வரிகளைக் காட்டி எது தெளிவு என்று கேட்கும் கருவி ஒன்று வரும். எங்கள் கணினியில் அந்த வரிகள் ரோமன் எழுத்தில்தான் வந்தன. ஆகவே தேர்வு முடிந்ததும் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து ண், ன், ஞ், ழ் ஆகியவற்றைச் சரிபார்ப்பது நல்லது. தெளியவில்லையென்றால் மறுபடியும் தேர்ந்தெடுக்கலாம். பத்து நிமிட வேலை.

அதைச் செய்து முடித்தபின் அந்த மாணவியின் ஆய்வேட்டைத் திரையிலேயே மீண்டும் படித்தேன். உண்மையாகவே புள்ளி விடுபட்ட இடங்கள் இரண்டு இருந்தன. நான் முதலில் குறித்தவற்றில் அந்த இரண்டும் இல்லை.