பரண் மேல் ஏறும் காப்பி மெஷின்

எப்போதாவது காப்பி குடிக்கும் வீட்டுக்கு எது ஏற்றது?

கும்பகோணத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். பெரியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. காலையில் அவருக்குச் சுக்கு வெந்நீர். அம்மாளுக்கு டீ. காப்பி என்பது வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள்தான். யாராவது விருந்தாளி வந்தால் அன்றைக்கும் உண்டு.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் பொங்கலுக்கு வந்தான். கையோடு ஒரு காப்பி மெஷினும் கொண்டுவந்தான்.

"பொத்தானை அமுக்கினால் போதும் அம்மா. ஒரு நிமிஷத்தில் காப்பி வந்துவிடும்" என்றான்.

"சரிடா, பாலை எங்கே ஊற்றுவது?" என்று கேட்டார் தாயார்.

மகனிடம் பதில் இல்லை. அந்த மெஷின் பால் இல்லாத காப்பியைத்தான் இறக்கும். பாலை அடுப்பில் தனியாகக் காய்ச்ச வேண்டும். அப்படியும் வாரம் இரண்டு காப்பி போட்டுக் குடித்தார்கள். மகன் கொண்டுவந்த 50 கேப்சூல்கள் ஆடி மாதத்தோடு தீர்ந்தன. உள்ளூர்க் கடைகளில் கேட்டார்கள். அந்த அளவு கேப்சூல் கிடைக்கவில்லை. மெஷின் பரணுக்குப் போயிற்று. பழைய பித்தளை பில்டர் கீழே இறங்கி வந்தது.

இது கற்பனை வீடுதான். ஆனால் இப்படி ஒரு பரண் பல ஊர்களில் இருக்கிறது.

காப்பி விலை ஏறிய கதை

காப்பியைப் பற்றி இப்போது வீட்டுக்கு வீடு கணக்குப் பார்க்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு.

உலகத்தில் மிக அதிகமாகக் காப்பி விளையும் நாடு பிரேசில். அடுத்தது வியட்நாம். 2024ஆம் ஆண்டில் இரண்டு நாட்டிலும் மழை பொய்த்தது. பிரேசிலில் அராபிகாப் பயிருக்கு அடி விழுந்தது. வியட்நாமில் ரொபஸ்டா குறைந்தது. நம் ஊர் பில்டர் காப்பித் தூளில் பெரும்பாலும் இந்த இரண்டு வகையும் கலந்திருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் இடி!

1977ஆம் ஆண்டில் அராபிகா தொட்ட விலைதான் அதுவரை உச்சமாக இருந்தது. அந்த உச்சத்தை 2024 டிசம்பரில் விலை தாண்டியது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான கொட்டை, 4 டாலருக்கும் மேலே போயிற்று. இந்தியக் காப்பியில் பெரும் பகுதி கர்நாடகத்தில் விளைகிறது. ஏற்காட்டிலும் நீலகிரியிலும் விளைவது கொஞ்சம்தான். உள்நாட்டில் விளைந்தாலும் விலை உலகச் சந்தையைப் பார்த்துத்தான் நகருகிறது. அதன் பின் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

இதே சமயத்தில் மெஷின்களும் வந்து குவிந்தன. கேப்சூல் காப்பிக்குப் பேர்போன நெஸ்பிரெஸோ 2025ல் தில்லியில் முதல் கடையைத் திறந்தது. இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் இன்ஸ்டண்ட் காப்பிக்கு உள்ள ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

தூளுக்கு விலை கூடியிருக்கிறது. மெஷின் விளம்பரமும் கூடியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை காப்பி குடிப்பவர் என்ன செய்வது?

கெடுவது தூள்தான்

மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் தூளைப் பார்க்க வேண்டும்.

வறுத்து அரைத்த காப்பித் தூளின் மணம் காற்றுப் பட்டால் போய்விடும். இரண்டு வாரத்தில் பாதி உயிர் போனது மாதிரிதான். தினமும் நான்கு பேர் காப்பி குடிக்கும் வீட்டில் இது பெரிய விஷயம் இல்லை. வாங்கிய தூள் அதற்குள் தீர்ந்துவிடும். எப்போதாவது குடிக்கும் வீட்டில்தான் தொல்லை. அரைக் கிலோ தூள் மூன்று மாதம் டப்பாவில் கிடக்கும். பிறகு எந்த மெஷினில் போட்டாலும் கசப்புத்தான் வரும். மெஷினைத் திட்டிப் பயன் இல்லை!

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊருக்கு ஊர் காப்பித் தூள் கடை இருக்கிறது. கண் எதிரிலேயே அரைத்துத் தருகிறார்கள். 100 கிராம் கேட்டாலும் தருவார்கள். சில கடைகளில் 50 கிராமும் கிடைக்கும். வாரம் இரண்டு பேர் இரண்டு முறை குடிக்க 50 கிராம் தாராளமாகப் போதும். கொஞ்சம் மிஞ்சினால் காற்றுப் புகாத சிறு டப்பாவில் அடைத்து வைக்கலாம். பிரிட்ஜில் வைத்து அடிக்கடி திறந்து மூடுவது நல்லதல்ல. குளிர்ந்த தூளில் ஈரம் இறங்கும்.

கேப்சூலின் பலமும் இதுதான். ஒவ்வொரு கேப்சூலிலும் 5 கிராம் அளவு தூள் இருக்கும். காற்றுப் புகாமல் மூடியிருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் மணம் இருக்கும். எப்போதாவது குடிப்பவருக்கு இது உண்மையிலேயே ஒரு நன்மை. அதை மறைக்கக் கூடாது.

ஆனால் கணக்கையும் மறைக்கக் கூடாது.

ஒரு காப்பிக்கு என்ன விலை?

ஒரு கேப்சூல் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 கேப்சூல் சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். அப்படியானால் ஒரு கிலோ தூளுக்கு 10,000 ரூபாய் கொடுக்கிறோம்! கடையில் நல்ல தூள் கிலோ ஆயிரம் ரூபாய் என்றே வைத்தாலும் பத்து மடங்கு.

இது தூளுக்கு மட்டும். மெஷினுக்கு?

மெஷின் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 2 காப்பி என்றால் வருஷத்துக்கு 104. ஐந்து வருஷத்தில் 520 காப்பி. 20,000 ரூபாயை 520 ஆல் வகுத்தால் ஒரு காப்பிக்கு 38 ரூபாய் வருகிறது. தூள், பால், சர்க்கரை எல்லாம் இதற்கு மேலே. அதே மெஷினில் தினமும் நான்கு காப்பி போட்டால் ஒரு காப்பிக்கு 3 ரூபாய்கூட ஆகாது.

400 ரூபாய் எவர்சில்வர் பில்டருக்கும் இதே கணக்கைப் போட்டால் ஒரு காப்பிக்கு 77 காசு.

ஆகவே விலை உயர்ந்த மெஷின் அதிகம் குடிப்பவருக்குத்தான் கட்டும். கொஞ்சமாகக் குடிப்பவருக்கு அதுவே சுமை. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

மின்சாரச் செலவைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். ஆயிரம் வாட் மெஷின் ஆறு நிமிஷம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

எத்தனை வகை!

கடையில் நிற்கும் பெரிய மெஷின் எஸ்பிரெஸோ மெஷின். வெந்நீரை ஒன்பது மடங்கு காற்றழுத்தத்தில் தூளுக்குள் செலுத்தும். டப்பாவின் மேல் "15 பார்", "20 பார்" என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். நல்ல காப்பி இறங்க ஒன்பதே போதும். எண் கூடினால் ருசி கூடாது. இந்த மெஷினுக்குத் தினமும் துடைத்துக் கழுவ ஆள் வேண்டும். பால் நுரைக்கும் குழாயை உடனே கழுவாவிட்டால் பால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கொட்டையைத் தானே அரைத்துத் தானே காப்பி இறக்கும் மெஷினும் உண்டு. அதில் சக்கை ஒரு பெட்டியில் விழும். பத்து நாள் மறந்துவிட்டால் பூஞ்சணம் பூத்திருக்கும். எப்போதாவது குடிப்பவர் இந்த இரண்டையும் தொடாமல் இருப்பதே நல்லது.

டிரிப் மெஷின் எளிமையானது. வெந்நீர் சொட்டுச் சொட்டாகத் தூளில் விழுந்து கீழே இறங்கும். 1908ல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண்மணி, மகனுடைய நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்துக் காப்பி வடிகட்டினார். அந்த யோசனையின் பேரப்பிள்ளைதான் இந்த மெஷின். ஆறு பேருக்குப் போட இது நல்லது. ஒருவருக்கு மட்டும் போட்டால் தண்ணீர் தூளில் சரியாகப் பரவாது. காப்பி நீர்த்துப்போகும். பால் விட்டால் பாலின் ருசிதான் தெரியும். கெட்டி டிகாக்ஷன் இறக்குவதற்கென்றே செய்த மின்சார மெஷின்கள் நம் ஊரில் இப்போது விற்கின்றன. டிரிப் மெஷின்தான் வேண்டும் என்பவர் அதைக் கேட்டு வாங்கலாம்.

மோகா பாத்திரம் இத்தாலிக்காரர்களுடையது. 1933 முதல் அவர்கள் வீடுகளில் இருக்கிறது. அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேலே காப்பி. அடுப்பில் வைத்தால் நீராவி தண்ணீரை மேலே தள்ளும். ஐந்து நிமிஷத்தில் கெட்டியான காப்பி. நம் பால் காப்பிக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் தூள் கிண்ணத்தை முழுதும் நிரப்பித்தான் போட வேண்டும். ஆகவே பெரிய பாத்திரம் வாங்கிவிட்டு ஒருவருக்குப் போட முடியாது. இரண்டு கப் அல்லது மூன்று கப் அளவே வாங்க வேண்டும். இந்தச் சின்னப் பாத்திரம் காஸ் அடுப்பில் நிற்காமல் சாயும். மேலே வைக்க ஒரு சிறு கம்பித் தட்டு தேவை. அலுமினியப் பாத்திரம் இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது.

ஏரோபிரஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கர் 2005ல் கொண்டுவந்தது. ஊசி மருந்துக் குழாயைப் பெரிதாக்கியது போல் இருக்கும். தூளும் வெந்நீரும் விட்டுக் கையால் அழுத்தினால் காப்பி இறங்கும். சக்கை ஒரே வில்லையாக வெளியே விழும். ஒருவருக்கு ஒரு கப் என்றால் இதைப் போல் சுலபம் வேறு இல்லை. கழுவ அரை நிமிஷம். கையில் கொஞ்சம் பலம் மட்டும் வேண்டும்.

நம் பில்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குறை ஒன்றுதான். அவசரத்துக்கு உதவாது. டிகாக்ஷன் இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். சிக்கரி கலந்திருந்தால் இன்னும் தாமதம். அதிலும் சிறிய அளவு வாங்குவது முக்கியம். எட்டுப் பேர் பில்டரில் இரண்டு கரண்டி தூள் போட்டால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும்.

மெஷினே வேண்டாம் என்பவருக்கு இன்ஸ்டண்ட் காப்பி இருக்கிறது. அதைக் கேலி செய்கிறவர்கள் அதிகம். மாதம் இரண்டு முறை குடிப்பவருக்கு அது நியாயமான வழிதான். பாட்டில் வாங்கினால் மழைக் காலத்தில் கட்டியாகிவிடும். ஒரு காப்பிக்கு ஒரு சிறு பாக்கெட் என்று வாங்குவது மேல். பாக்கெட்டில் காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். கலவைத் தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. பாதிக் காசு சிக்கரிக்குப் போகிறதா என்று படித்துப் பார்த்து வாங்கலாம்.

குப்பை எங்கே போகும்?

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016ல் ஓர் உத்தரவு போட்டது. சர்க்கார் பணத்தில் இனிக் கேப்சூல் காப்பி வாங்கக் கூடாது என்றது. காரணம் குப்பை. அமெரிக்காவில் கியூரிக் கேப்சூலைக் கண்டுபிடித்த ஜான் சில்வன், இதை ஏன் செய்தோம் என்று சில சமயம் வருந்துவதாக 2015ல் பேட்டியில் சொன்னார். அவர் வீட்டிலேயே அந்த மெஷின் இல்லையாம்!

அலுமினியக் கேப்சூலை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். அதற்குக் கேப்சூலைத் திரும்ப வாங்கும் ஆள் ஊரில் இருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் இதை எடைக்குப் போட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். உள்ளே ஈரச் சக்கை இருப்பதால் அப்படியே வாங்க மாட்டார்கள்.

பில்டரில் மிஞ்சும் சக்கை துளசி மாடத்துக்கும் ரோஜாத் தொட்டிக்கும் போகிறது.

முதியவர் தனியாக இருந்தால்

இது வரை சொன்னது எல்லாம் பணக் கணக்கு. சில வீடுகளில் பணக் கணக்கு இரண்டாவதாகத்தான் வரும்.

அடுப்பை அணைத்தோமா என்று மறந்துபோகும் வயது ஒன்று உண்டு. கை நடுங்கும். கொதிக்கும் வெந்நீரைப் பில்டரில் ஊற்றும்போது காலில் கொட்டிக்கொள்வார்கள். அந்த வீட்டுக்கு, தானே நின்றுவிடும் மின்சார மெஷின் ஆடம்பரம் ஆகாது. அது பாதுகாப்பு. ஐரோப்பாவில் 2015 முதல் புதிதாக விற்கும் காப்பி மெஷின்கள் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தாமாகவே அணைந்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கே வாங்குகிறவர்கள் அந்த வசதி இருக்கிறதா என்று கடையில் கேட்க வேண்டும். பொத்தான் பெரிதாக இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியைக் கழற்றாமல் ஊற்ற முடியுமா என்று முதியவரையே இயக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாலுக்கு ஒரு சிறு மின்சாரக் கெட்டிலும் இருந்தால் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். பால் காய்ச்சத் தகுந்த கெட்டிலாக அது இருக்க வேண்டும். தண்ணீர்க் கெட்டிலில் பால் பொங்கி வழியும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வாங்கும் மெஷின் 120 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட். செருகினால் புகைதான் வரும். கேப்சூல் மெஷின் என்றால், அந்த அளவு கேப்சூல் அப்பா அம்மா இருக்கும் ஊருக்கு வருமா என்று விசாரித்த பிறகு வாங்க வேண்டும். ஒரு கம்பெனி கேப்சூல் இன்னொரு கம்பெனி மெஷினில் பொருந்தாமல் போவது சகஜம்.

பரணில் இருப்பதை என்ன செய்வது?

ஏற்கெனவே மெஷின் பரணில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். இறக்கித் துடைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் குழாய்க்குள் வெள்ளைப் படிவம் கட்டியிருக்கும். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிடில் ஒரு மேசைக் கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கேப்சூலும் தூளும் போடாமல், மெஷினை ஓட விட வேண்டும். பாதியில் நிறுத்திக் கால் மணி நேரம் ஊற விட்டு மறுபடி ஓட்ட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரை இரண்டு தொட்டி ஓட்டிக் கீழே கொட்டிவிட வேண்டும். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். மூன்றாவது தடவை வரும் வெந்நீரை ஒரு டம்ளரில் பிடித்து முகர்ந்து பார்க்கலாம். புளித்த வாடை இல்லையென்றால் பாலை அடுப்பில் வைக்கலாம்.