கடை நம்முடையது, சாவி யாருடையது?

 

இரவு கடையை அடைக்கிறோம். ஷட்டரை இழுத்துவிட்டுப் பூட்டுப் போட்டு, ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் புறப்படுகிறோம். சாவியை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வருகிறோமா? பெற்ற மகனிடம் கொடுப்பதற்கே பத்து முறை யோசிக்கிறோம்!

ஆனால் அதே கடையின் பற்று வரவு, கடன் பாக்கிப் பட்டியல், வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள், சரக்குப் பிடித்த விலை ஆகியவையெல்லாம் இன்று எங்கே இருக்கின்றன? "எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்று நம் பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிறார்கள். மேகத்தில் எதுவும் இல்லை சகோதரர்களே! எங்கோ ஓர் ஊரில், எவருக்கோ சொந்தமான கட்டடத்தில், அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் சாவி நம்மிடம் இல்லை.

"இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று கேட்பீர்கள். நடந்தவற்றைப் பாருங்கள்!

அடைபட்ட கதவுகள்

2021 அக்டோபர் 4. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் முடங்கிப் போயின. நம் நாட்டில் அப்போது இரவு நேரம் என்பதால் பல வணிகர்கள் தப்பித்தார்கள். ஆர்டர் முழுவதையும் வாட்ஸ்அப்பிலேயே வாங்கும் கடைக்கு, அது காலை பத்து மணிக்கு நடந்திருந்தால்?

அதுவாவது விபத்து. 2025 ஜூலையில் நடந்தது விபத்து அல்ல. குஜராத்தின் வாடினாரில் பெரும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் பங்குகளில் ஒரு பகுதி ரஷ்ய நிறுவனத்துக்குச் சொந்தம். அதைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் நயாராவுக்கான மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்தியது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி இயங்கும் நிறுவனம் அது. கட்டணத்தையும் செலுத்தி வந்தது. டெல்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகுதான் சேவை திரும்பக் கிடைத்தது. அவ்வளவு பெரிய ஆலைக்கே இந்த நிலை என்றால், பஜாரில் இருபதுக்கு இருபது கடை வைத்திருப்பவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

தொழுகை நேரமும் விலைப்பொருள்!

இதைவிட வேதனையான செய்தி ஒன்று உண்டு. தொழுகை நேரமும் கிப்லாவும் அறிந்துகொள்ள உலகெங்கும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் தம் கைப்பேசியில் ஏற்றிக்கொண்ட செயலி 'முஸ்லிம் ப்ரோ'. அதைப் பயன்படுத்துவோரின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனமோ அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்களுக்குத் தகவல் விற்றது என்று 2020 நவம்பரில் 'மதர்போர்டு' இதழ் அம்பலப்படுத்தியது. நாங்கள் நேரடியாக இராணுவத்துக்கு விற்கவில்லை என்று செயலி நிறுவனம் மறுத்தது. எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக் கொள்வதாகவும் அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே எக்ஸ்-மோடுக்கும் அதன் வழிவந்த நிறுவனத்துக்கும் கடிவாளம் போட்டது. வழிபாட்டுத் தலம், மருத்துவமனை போன்ற இடங்களுக்கு யார் போய் வந்தார்கள் என்று காட்டும் தகவலை விற்கக் கூடாது என்பது உத்தரவு.

தொழுகை நேரம் சொல்ல நம் இருப்பிடத்தை எவருக்கும் அனுப்பத் தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தேதியும் போதும்; சூரியக் கணக்கைக் கைப்பேசியே போட்டுவிடும். 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்த இப்னு அல்-ஷாதிர் இந்தக் கணக்கைத்தான் போட்டார். தொழ வந்தவர்களின் விலாசத்தை அவர் எவருக்கும் விற்கவில்லை!

மூடிய பெட்டியும் திறந்த பெட்டியும்

அந்தச் செயலி உள்ளே என்ன செய்கிறது என்று பயன்படுத்தியவர்களுக்கு ஏன் தெரியாமல் போனது? அதன் மூலநிரல் மூடிய பெட்டிக்குள் இருந்ததால்! சேர்மானம் எழுதாத மசாலா பொட்டலத்தை நம் வீட்டுப் பெண்கள் வாங்குவார்களா? மென்பொருளை மட்டும் நாம் அப்படித்தான் வாங்குகிறோம்.

இதற்கு எதிராகக் குரல் கொடுத்தவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983இல் 'குனு' திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை விரும்பியபடி இயக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராயலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே அவர் வைத்த கொள்கை. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்ற கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் லினக்ஸ் என்று அழைக்கும் இயங்குதளம். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் சட்டைப் பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸ்தான். இது ஏதோ படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள்!

கல்லாவுக்குப் பக்கத்தில் திருட்டுச் சரக்கா?

கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எடைக்கல்லில் ஒரு கிராம் குறைந்தாலும் மனம் உறுத்தும் எத்தனையோ நல்ல வணிகர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் அவர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள கம்ப்யூட்டரில் விண்டோஸும் கணக்கு மென்பொருளும் திருட்டுப் பிரதியாக இருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. "எல்லோரும்தான் போடுகிறார்கள்" என்பது பதிலா? அடுத்தவர் சரக்கைக் களவாடி நடத்தும் வியாபாரத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்? திருட்டுப் பிரதியோடு வைரஸும் சேர்ந்து வருகிறது என்பது தனிக் கதை.

காசு கொடுத்து வாங்க முடியாதவர் திருட வேண்டியதில்லை. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவை சட்டப்படியே இலவசம். கடிதம் எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட், சரக்கிருப்பு முதல் ஜி.எஸ்.டி. பில் வரை கவனித்துக் கொள்ளும் திறமூல மென்பொருள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் முடித்துக் கொண்டது. "பழையதாகிவிட்டது" என்று மூலையில் போட்ட கம்ப்யூட்டர்களில் பல லினக்ஸில் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

மூலையில் கிடக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரிலிருந்தே தொடங்கலாம். 4 ஜி.பி. நினைவகமும் இரண்டு ஹார்டு டிஸ்க்கும் போதும். அதில் டெபியனை நிறுவி, மேலே நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளைப் போட்டால், உங்கள் கடைக்கே சொந்தமான 'கிளவுட்' தயார். பில் நகல்கள், தொடர்பு எண்கள், நாட்காட்டி, புகைப்படங்கள் அனைத்தும் கடையின் வைஃபை வழியாக அதில் வந்து சேரும். அதுவும் பெரிதாகத் தோன்றினால், சிங்க்திங் என்ற சிறு மென்பொருள் கைப்பேசியையும் கம்ப்யூட்டரையும் நேரடியாக இணைத்து, ஒன்றில் உள்ளதை மற்றதில் பிரதி எடுத்து வைக்கும். நடுவே கோப்பு எவருடைய கிடங்கிலும் தங்குவதில்லை.

ஆனால் சாவியைக் கையில் வாங்கினால் காவலும் நம் பொறுப்புதான். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தகவல் மையம் தீப்பற்றி எரிந்தது; வேறிடத்தில் பிரதி வைக்காதவர்களில் பலர் தம் தகவல்களை இழந்தார்கள். பெரிய நிறுவனத்துக்கே நேர்ந்தது நமக்கு நேராதா? ஆகவே மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வெவ்வேறு சாதனங்களில். அவற்றில் ஒன்று கடைக்கு வெளியே, வீட்டிலோ தம்பி வீட்டிலோ. மின்வெட்டுக்கு யு.பி.எஸ். வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தவறாமல் போட வேண்டும். போதிய பழக்கம் வரும்வரை அந்தக் கம்ப்யூட்டரை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கடைக்குள் இருந்தாலே போதும். மின்னஞ்சலைச் சொந்தமாக நடத்தும் வேலையை முதலில் தொடாதீர்கள். புதியவர் அனுப்பும் மடலைப் பெரிய நிறுவனங்கள் குப்பைப் பெட்டிக்குத் தள்ளிவிடும். ஆடிட்டர் கேட்கும் கணக்கு முறையையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றாக மாறுங்கள்.

இது அமானிதம்!

"என் கணக்கை யார் பார்த்தால் என்ன? மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை" என்பார் சிலர். உங்களுடையது மட்டுமா உங்களிடம் இருக்கிறது? கடன் சொல்லி வாங்கிப்போன ஏழையின் பெயர் இருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகளே! உங்களிடம் நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது. குடும்பப் பட்டியல் இருக்கிறது. பைத்துல்மாலில் உதவி பெற்ற விதவையின் விலாசம் இருக்கிறது. மதரஸா பிள்ளைகளின் புகைப்படம் இருக்கிறது. இவையெல்லாம் அமானிதம் இல்லையா? இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த தஃப்தரை, இலவசம் என்பதற்காக எவரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் கொட்டி வைக்க நமக்கு அனுமதி கொடுத்தது யார்?

இளைஞர்களே! இந்தப் பணி உங்களுக்கானது. தெருவுக்கு இரண்டு பேர் முன்வந்தால் போதும். விடுமுறை நாளில் ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்து வைத்து உட்காருங்கள். 'கணியம்' இதழ் 2012 முதல் லினக்ஸ் பாடங்களைத் தமிழிலேயே இலவசமாகத் தந்து வருகிறது. முதலில் உங்கள் வீட்டுப் புகைப்படங்கள், அடுத்து வாப்பாவின் கடைக் கணக்கு, பிறகு ஜமாஅத்தின் பதிவேடு. கற்றதைப் பக்கத்துக் கடை அண்ணாச்சிக்கும் சொல்லிக் கொடுங்கள். பகிர்ந்தால் குறையாத பொருள் இது.

வணிகர்களே! இன்றிரவு கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போடும்போது ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்: கணக்குக்கும், நம்மை நம்பியவர்களின் விவரத்துக்கும் உரிய சாவி எங்கே? அது நம் கையில் இல்லையென்றால், அதை மீட்கும் வேலையை நாளைக் காலையே தொடங்குவோம்!