ஒதுக்கீடு இருக்கிறது, பாடம் எங்கே?

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் மலையகத்தின் பல வீடுகளில் எழும் கேள்வி, பிள்ளையை உயர்தரத்துக்கு எங்கே சேர்ப்பது என்பதுதான். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ‘ஏ’ எடுத்திருந்தாலும், அருகிலுள்ள பாடசாலையில் கலைப்பிரிவும் வர்த்தகப்பிரிவும் மட்டுமே இருக்கும். நாட்டின் சுமார் 10,000 அரச பாடசாலைகளில், விஞ்ஞானப் பிரிவையும் நடத்தும் 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழ 1,000 மட்டுமே. ஹட்டனிலோ பதுளையிலோ விடுதியில் தங்கவைத்துப் படிப்பிக்க வசதியுள்ள குடும்பம் சமாளித்துக்கொள்கிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, கிடைத்த பாடத்தை எடுத்துக்கொள்கிறது.

பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்த ஒதுக்கீடு தொடரத்தான் வேண்டும். கொழும்பின் பெரிய பாடசாலையிலும் ரியூஷன் வகுப்புகளிலும் படித்தவருக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி வைப்பது அநியாயம். ஆனால், மாவட்டத்துக்கு உள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வு இந்தக் கணக்கில் வருவதில்லை. நுவரெலியாவுக்குரிய மருத்துவ, பொறியியல் இடங்களுக்குப் போட்டியிட, முதலில் உயிரியலோ இணைந்த கணிதமோ படித்திருக்க வேண்டும். படிக்கவே வழியில்லாத தோட்டப் பிள்ளைக்கு அதில் என்ன பங்கு?

1970களில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு ஏற்படுத்திய காயம் பெரிது. அதனால் அனுமதி முறை பற்றி அரை நூற்றாண்டாகப் பேசிவருகிறோம். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடம் இல்லை என்பதைப் பற்றி அதில் பாதிகூடப் பேசவில்லை.

ஏன் இல்லை என்று கேட்டால், மாணவர் தொகை போதாது, தமிழ்மொழிமூல ஆசிரியர் இல்லை என்பதே அதிகாரிகளின் வழமையான பதில். ஆசிரியர் பற்றாக்குறை உண்மைதான். ஆனால், பிரிவே இல்லாத இடத்தில் மாணவர் தொகையை எதை வைத்து எண்ணுகிறார்கள்?

மலையகத்தின் ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையேனும் ஆய்வுகூடம், விடுதியுடன் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்த வேண்டும். அங்கு செல்லும் ஆசிரியருக்குக் குடியிருப்பும் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் கொடுங்கள். பதிலுக்கு ஒருவர் வரும்வரை இடமாற்றம் கொடுக்காதீர்கள். எந்தக் கோட்டத்தில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்ற பட்டியலை, மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணக் கல்வித் திணைக்களங்கள் அடுத்த உயர்தர வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே வெளியிட வேண்டும்.